கடைக்குட்டியின் நடை

காலையில் யாராவது, "நேத்து எபிசோடு நல்லா இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டால் போதும், எனக்கு மத்தியானம் வரைக்கும் பசி தெரியாது. இன்று அதைச் சொன்னவர் உங்கள் ஸ்டேஷன் வாசலில் நின்ற காவலர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சார், அந்தக் கடைக்குட்டித் தம்பிக்கு டீச்சரம்மாவைக் கட்டி வெச்சிடுவீங்கதானே?" என்று காதோடு கேட்டார். வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார்களாம். கட்டி வைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள், "வாயால சொல்லுங்க, நாங்க எழுதிக்கிறோம்" என்றீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், மேடம். நான் ஒன்று சொல்லி, மற்றவர்கள் அதை வேறொன்றாக எழுதிக்கொண்டு வந்து நிற்பதை இருபத்தாறு வருஷமாகப் பார்த்துவிட்டேன். அதனால்தான் தாளும் பேனாவும் கேட்டேன். என் மனைவி கொடுத்த புகாரைப் படித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கடைசியில் நடந்ததை முதலில் போட்டு, முதலில் நடந்ததை நடுவில் செருகியிருக்கிறாள். ஆத்திரத்தில் எழுதினால் அப்படித்தான் வரும். நான் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

உங்களுக்கு இது ஒரு வழக்கு. ஆஸ்பத்திரியில் என் மச்சானின் இடது கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டருக்கு இது அவசரம். எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை தேய்ந்து காகிதம் மாதிரி ஆகிவிட்டதாம். வரும் வெள்ளிக்கிழமை அறுவை செய்தால் கால் நேராகும். அதுவரை காலைத் தரையில் ஊன்றவே கூடாது. தவறினால், அந்த மூட்டை இனி அசையவே முடியாதபடி பூட்டிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லியிருக்கிறார். ஒன்றரை வருஷமாக அந்தக் கால் எந்தச் சாய்வில், எத்தனை மணி நேரம் பாரம் தாங்கியது என்று தெரிந்தால் அவருக்கு உதவியாக இருக்குமாம். அது எனக்குத் தெரியும். நாள்வாரியாகத் தெரியும்.

முதலில் என் சினிமா வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது சுருக்கமானதுதான். பதினோரு வருஷம் உதவி இயக்குநர். கிளாப் அடித்தேன், குடை பிடித்தேன், ஒரு கதாநாயகியின் நாய்க்கு பிஸ்கட் ஊட்டினேன். அந்த நாய்க்கு என்னைவிட நல்ல நாற்காலி. பிறகு ஒரு வழியாக முதல் படம் கிடைத்தது. ஐந்து வாரம் ஓடியது. 'நம்பிக்கை தருகிறார்' என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள், அதை வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

இரண்டாவது படத்தில் ஒரு சாவுக் காட்சி. அம்மா சாகக் கிடக்கிறாள். கையில் கட்டுப் போட்ட மகன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறான். தூரத்திலிருந்து எடுத்த ஷாட்டில் கட்டு வலது கையில் இருக்கிறது. கிட்டத்தில் எடுத்ததில் இடது கையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பதினேழு நாள் இடைவெளி விழுந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. எடிட்டர் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

படம் வெளியான அன்று முதல் காட்சிக்கு மனைவியுடன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி நாலு மாதம். திரையில் அம்மா கண்ணை மூடுகிறாள், மகன் வெடித்து அழுகிறான். அப்போது முன்வரிசையில் ஒருவர், "டேய், கட்டு கை மாறிடுச்சுடா!" என்றார். அவ்வளவுதான். எழுநூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அதை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் எனக்குப் படமே இல்லை. தயாரிப்பாளர்கள் என்னைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஒருவர் போனைத் தலைகீழாக வைத்துக்கொண்டு பேசினார். அந்த ஒன்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். கதை சுமாராக இருக்கலாம், நடிப்பு கேவலமாக இருக்கலாம், ஜனங்கள் பெரிய மனதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் முந்தைய ஷாட்டும் அடுத்த ஷாட்டும் ஒட்டாவிட்டால் விட மாட்டார்கள். எங்கள் தொழிலில் அதற்குக் கன்டினியூட்டி என்று பெயர்.

அப்புறம் டிவி கூப்பிட்டது. மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் வாழும் கதை, வாரம் ஆறு நாள் ஒளிபரப்பு. செட்டுக்குள் நுழைந்த முதல் நாளே கன்டினியூட்டி பார்க்க ஓர் அம்மாவை வைத்துக்கொண்டேன். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். இருபது வருஷ அனுபவம். டம்ளரில் தண்ணீர் எத்தனை விரல்கடை இருந்தது என்பதைக்கூட நோட்டில் எழுதி வைப்பார். என் வாழ்க்கையில் நான் முழுதாக நம்பிய ஆள் அவர் ஒருவர்தான்.

கடைக்குட்டித் தம்பி வேஷத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோதுதான் என் மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, நம்ம பம்பரத்துக்கு ஏதாவது பாருங்களேன். ஒரு ஓரமா நின்னுட்டுப் போறான்."

பம்பரம் அவளுடைய தம்பி. சின்ன வயதிலிருந்தே ஒரு இடத்தில் நிற்க மாட்டான் என்பதால் வீட்டில் அந்தப் பெயர். படங்களில் கூட்டத்தோடு ஆடும் டான்ஸர். பின்வரிசையில்தான் ஆடுவான், ஆனால் பார்க்கிறவர்கள் கண் அவன் காலுக்குத்தான் போகும். வீட்டில் பல் தேய்க்கும்போதும் கால் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். ஏதோ ஒரு நடனக் குழுவில் முன்வரிசைக்கு எடுக்கப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்தான். அதுவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

நடிப்பு என்றால் அவனுக்கு வேப்பங்காய். அப்பா செத்துப்போனார் என்று சொன்னாலும் அதே முகம், காபி ஆறிவிட்டது என்று சொன்னாலும் அதே முகம். அவனைக் கதவோரமாக நிறுத்தி, "சரிண்ணே", "இல்லண்ணே" என்று இரண்டு வசனத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தேன். தொடர் ரேட்டிங்கில் ஏழாவது இடத்தில் இருந்தது. சேனல்காரர்கள் கூப்பிட்டு டீ கொடுத்தார்கள். அவர்கள் டீ கொடுத்தால் மூட்டை கட்டச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

படப்பிடிப்பின் தொண்ணூற்றாறாவது நாள் அவன் விழுந்தான். செட்டில் இருக்கிற மாடிப்படி எட்டுப் படிதான், அதற்கு மேல் மாடி கிடையாது, வெறும் பலகை. லைட் மாற்றுகிற நேரத்தில் மேல் படியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றிக் குதித்துக் காட்டுகிறேன் என்று குதித்தான். இடது கணுக்கால் முறிந்தது. இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, மேடம். செய்யாததை எழுத மாட்டேன். நான்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாவுக்கட்டுப் போட்டார்கள். கதையிலும் அவனுக்கு விபத்து என்று வைத்து, ஆறு வாரம் படுக்கையிலேயே எடுத்தேன்.

கட்டுப் பிரித்தபிறகு அவன் கூடத்தைக் கடந்து அண்ணனிடம் வந்து நிற்கிற காட்சி. பதினான்கு அடி தூரம். விந்தி விந்தி நடந்தான். ஆறாவது அடியில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, உதட்டைக் கடித்துச் சமாளித்து, "சரிண்ணே" என்றான். லைட்மேன் மூக்கை உறிஞ்சினார். எனக்குப் புல்லரித்தது. சுவர் மாதிரி இருந்த முகத்தில் முதல் தடவையாக ஏதோ எழுதியிருந்தது. அது வலி என்பது எனக்குத் தெரியும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது பாசமாகத் தெரிந்தது. மூன்று வாரத்தில் தொடர் முதல் இடத்துக்கு வந்தது. ஊரே கடைக்குட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவன் எக்ஸ்ரே அறையில் இருந்தான். எலும்பு டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, "எலும்பு கொஞ்சம் கோணலா சேர்ந்திருக்கு. சின்ன ஆபரேஷன்தான். மூணு மாசத்துக்குள்ள பண்ணிட்டா டான்ஸே ஆடலாம். தள்ளிப் போட்டுடாதீங்க" என்றார். ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் செய்தால் நாலு மாதம் படப்பிடிப்புக்கு வர முடியாது. வந்தால் நேராக நடப்பான். நேராக நடக்கிற கடைக்குட்டியை யாருக்கு வேண்டும்?

காரில் அவன் கேட்டான், "டாக்டர் என்ன சொன்னார் மாமா?"

"எல்லாம் நல்லா இருக்குன்னார் மாப்ள. போகப் போகச் சரியாயிடுமாம்."

"அப்பாடா" என்று சொல்லி சீட்டில் சாய்ந்துகொண்டான். கடிதத்தை நான் கிழிக்கவில்லை. எந்தத் தாளையும் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஸ்கிரிப்ட் ஃபைலில் வைத்தேன். டீச்சரம்மா கதைக்குள் வரும் வரைக்கும்தான், அப்புறம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். டீச்சரம்மா வந்தாள். வந்தவுடன் அவன் நடையைப் பார்த்துத்தான் அவளுக்கு மனது கசிகிறது என்று எழுதித் தொலைத்துவிட்டார் வசனகர்த்தா.

இதற்கு நடுவில் ஒரு சிக்கல். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் கெட்டிக்காரர். கோணல் காலை வைத்துக்கொண்டே பம்பரத்தை ஓரளவு நிமிர்த்திவிட்டார். ஒரு நாள் கன்டினியூட்டி அம்மா நோட்டோடு என் நாற்காலிக்கு வந்து நின்றார்.

"சார், இதே சீன்ல நேத்து ஆறாவது அடியில சாஞ்சாரு. இன்னைக்கு சாயவே இல்ல. ஒட்டாது."

மேடம், அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அந்த எழுநூறு பேரின் சிரிப்பு கேட்டது. அவனைக் கூப்பிட்டு, நொண்டுகிற மாதிரி நடி என்றேன். நடித்தான். வலது காலால் நொண்டினான். சரிதான் போ என்று திருத்தினேன். அடுத்த டேக்கில் இரண்டு காலாலும் நொண்டினான். அதில் ஒரு ஷாட் தெரியாத்தனமாக ஒளிபரப்பாகி, சேனலுக்கு ஒரு பெண்மணி போன் செய்து, "தம்பி ஏமாத்துது" என்று சொன்னார். அந்த வாரம் மூன்றாவது இடத்துக்கு இறங்கினோம்.

பிசியோதெரபிஸ்டிடம், பையன் இனி ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி எடுத்துக்கொள்வான் என்று சொல்லிக் கைகுலுக்கி அனுப்பினேன். பம்பரத்திடம், அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்றேன். பிறகு காஸ்ட்யூமரைக் கூப்பிட்டு, கடைக்குட்டியின் இடது ஷூவுக்குள், உள்தோலுக்கு அடியில், குதிகாலின் வெளிப்பக்கமாக ஒரு கார்க் துண்டைச் சரிவாகச் சீவி ஒட்டச் சொன்னேன். டாக்டர் உத்தரவு என்றேன். அவரை விட்டுவிடுங்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது. கன்டினியூட்டி அம்மாவையும் விட்டுவிடுங்கள். அவர் பார்த்ததை எழுதினார், அதுதான் அவர் வேலை.

இப்போது டாக்டர் கேட்ட கணக்கு. நூற்று எழுபத்தோராவது நாள் முதல் கார்க்கின் உயரம் கால் அங்குலம். இருநூற்று அறுபதாவது நாள், கால் அதற்குப் பழகிப்போய் நடை சாதாரணமாகத் தெரிய ஆரம்பித்ததால், அரை அங்குலம். ஐந்நூற்று நாற்பதாவது நாள் வரை அதே அளவு. செட்டில் ஒரு நாளைக்குச் சுமார் பதினொரு மணி நேரம். வீட்டிலும் அதே ஷூவைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக அவனிடம் சொல்லியிருந்தேன். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்துவிட்டுத் திங்கட்கிழமை நன்றாக நடந்து வருவான். ஒரு திங்கட்கிழமை அப்படி வந்து காலை நேரம் முழுக்க வீணானது.

மாத்திரை விஷயம் புகாரில் இல்லை. என் மனைவிக்கு அது தெரியாது. வலி மாத்திரையை நான்தான் தினமும் என் கையால் கொடுப்பேன், சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு. முகத்தை நெருங்கி எடுக்கிற ஷாட் உள்ள நாட்களில் அதே நிறத்தில் வைட்டமின் மாத்திரை கொடுப்பேன். உடம்புக்கும் நல்லதுதான். அந்த நாட்களைக் கன்டினியூட்டி நோட்டின் ஓரத்தில் நானே நட்சத்திரம் போட்டுக் குறித்திருக்கிறேன். நூற்று முப்பத்தெட்டு நட்சத்திரம் இருக்கும்.

நான் அவனைக் கொடுமைப்படுத்தினேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. செட்டில் அவனுக்கு மட்டும் சாய்வு நாற்காலி. யாரும் அவனை நிற்க வைத்துப் பேசக் கூடாது என்று உத்தரவு. மழையில் நனையவிட மாட்டேன். சிறந்த துணை நடிகர் விருது வாங்கியபோது மேடையில் மைக்கைப் பிடித்து, "எங்க மாமா இல்லன்னா நான் இல்ல" என்றான். கீழே என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன்.

ஒருமுறை, உணவு இடைவேளையில், ஷூவைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"மாமா, நான் திரும்ப ஆடுவேன்ல?"

"ஏன்டா சந்தேகம்?"

"இல்ல, அந்த க்ரூப்ல வேற ஆளை எடுத்துட்டாங்களாம். பரவால்ல. கால் மட்டும் சரியாயிட்டா, பின்வரிசையில நின்னாலும் போதும்."

எனக்கு மனது சங்கடமாகிவிட்டது. நானும் மனுஷன்தானே. ஆனால் அவன் முகம் அப்போது இருந்த மாதிரி எந்த டேக்கிலும் இருந்ததில்லை. "அப்படியே இரு மாப்ள, முகத்தைத் துடைக்காதே" என்று சொல்லி கேமராவை அங்கேயே கொண்டுவரச் சொன்னேன். டீச்சரம்மா கடிதம் எழுதிவிட்டுப் போய்விடுகிற எபிசோடில் அதைச் சேர்த்தோம். உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அழுதிருப்பீர்கள்.

கண்டுபிடித்தது ஒரு செருப்புத் தைக்கிற பெரியவர். ஷூவின் அடிப்பாகம் தேய்ந்துவிட்டது என்று என் மனைவி அதை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போயிருக்கிறாள். எங்கள் ஆட்களிடம் கொடுக்காமல் அவள் ஏன் போனாள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அவர் உள்ளே விரலை விட்டு கார்க்கை நெம்பி எடுத்து, "யாரும்மா இதை இப்படி வெச்சது? இதைப் போட்டு நடந்தா நல்ல காலே கோணிக்குமே" என்றிருக்கிறார். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. அங்கே பழைய கடிதத்தின் நகல். அங்கிருந்து என் ஃபைல், பிறகு கன்டினியூட்டி நோட்டு. எல்லாம் ஒரே மத்தியானத்தில். நான்தான் எதையும் கிழிக்கிறதில்லையே.

கூடத்துக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டாள். கத்தவில்லை.

"அவன் கால் என்னங்க, உங்க செட்டு சாமானா?"

அந்தக் கால்தான் நம் வீட்டை நிற்க வைத்தது என்று சொன்னேன். அவள் உள்ளே போய்த் துணிகளை எடுத்துவைக்க ஆரம்பித்தாள். பம்பரம் சோபாவில் உட்கார்ந்து, அந்தக் கார்க் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன்.

ஆக, நான்தான் செய்தேன். டாக்டர் சொன்னதை மறைத்தது, பயிற்சியை நிறுத்தியது, ஷூவுக்குள் கார்க் வைத்தது, மாத்திரையை மாற்றியது, எல்லாம் தெரிந்து, யோசித்து, நானே செய்தது. யாரும் என்னைத் தூண்டவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

இத்தனையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன், பதிலுக்கு நீங்களும் ஒரு உதவி செய்ய வேண்டும். அவன் கால் நேராக வேண்டும் என்பதில் என்னைவிட ஆசை யாருக்கும் இருக்க முடியாது. தொடரின் கடைசி எபிசோடில் கடைக்குட்டிக்கு ஆபரேஷன் நடந்து, டீச்சரம்மா முன்னால் அவன் ஆடுகிறான். அதை டூப் போட்டு எடுக்க எனக்கு மனமில்லை, அவனே ஆட வேண்டும், கால் ஆற எத்தனை மாதமானாலும் காத்திருப்பேன். அதற்கு முன்னால் பன்னிரண்டு எபிசோடு பாக்கி இருக்கிறது. அதில் ஒன்பதில் அவன் நடக்கிறான், பழைய மாதிரி. வெள்ளிக்கிழமை அறுத்துவிட்டால் எதுவுமே ஒட்டாது, ஜனங்கள் சிரித்துவிடுவார்கள். நீங்கள் சொன்னால் டாக்டர் கேட்பார். பம்பரத்திடம் நான் பேசிக்கொள்கிறேன், அவன் என் சொல்லைத் தட்டியதே இல்லை. பன்னிரண்டு நாள்தான், மேடம். ஒன்றரை வருஷம் பொறுத்த கால், இன்னும் பன்னிரண்டு நாள் பொறுக்காதா?